மட்டக்களப்புக் கடலடியும் குன்னூர் மலைப்பாதையும்: போர்க்காலக் கப்பல்களைப் பார்க்கப் போகும் நீலகிரிக்காரர்களுக்கு

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலடியில் நீந்தும் ஸ்கூபா பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில் தொடங்குவார்கள். எந்தத் தீவு, எந்தக் கப்பல், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணக்கு வரிசையாகப் போகும். சென்னையிலோ கொச்சியிலோ வீடு இருப்பவர்களுக்கு அது சரிப்பட்டு வரும். நமக்கு வராது. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே வீடு இருந்தாலும், திரும்பி வரும் நாளில் தொடங்கிப் பின்னோக்கித்தான் திட்டம் போட வேண்டும். காரணம் நம் மலைப்பாதை.

கடைசி டைவை முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விதி. ஏன் என்பதைப் பலர் பாதியோடு மறந்துவிடுகிறார்கள். விமானத்தின் கேபினுக்குள் கடல்மட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயர மலையில் என்ன அழுத்தம் இருக்குமோ அதுவரை குறையலாம். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆக, சேரிங் கிராஸில் நின்று டீ குடிப்பவரும் முப்பதாயிரம் அடிக்கு மேலே ஜன்னலோரம் தூங்குபவரும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில்தான் மூச்சு விடுகிறார்கள். டைவர்களுக்கான மருத்துவ உதவி அமைப்பான டான் வகுத்த காத்திருப்பு நேரமும் 2,000 அடி முதல் 8,000 அடி வரையிலான உயரத்துக்கானது. 2,000 அடி என்றால் 610 மீட்டர். கல்லாறு தாண்டி வண்டி பர்லியாறை நோக்கி ஏறும்போதே அந்தக் கோட்டைக் கடந்துவிடுகிறோம்.

தண்ணீருக்கடியில் நடப்பது இதுதான். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். முழுக்க வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் வெளி அழுத்தத்தை இன்னும் குறைத்தால், கரைந்திருக்கும் வாயு குமிழிகளாகப் பிரியத் தொடங்கும். கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் லவ்டேல் போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூட்டிலோ தண்டுவடத்திலோ குமிழி சேர்வதைத்தான் டைவர்கள் பெண்ட்ஸ் என்கிறார்கள்.

டான் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம்; ஒரே நாளில் பல டைவ்கள் அல்லது தொடர்ந்து பல நாள் டைவ்கள் என்றால் 18 மணி நேரம்; மேலே வரும் வழியில் கட்டாயமாக நிறுத்தி நிறுத்தி வர வேண்டிய ஆழமான டைவ் என்றால் 18 மணி நேரத்தைவிட நன்றாகவே அதிகம். இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் சோதனைகள், அழுத்த அறைக்குள் சுமார் 4 மணி நேர விமானப் பயணத்தைப் போலச் செய்து பார்த்தவை. விமானப் பயணம் 4 மணி நேரத்தில் முடிந்து இறங்கிவிடுவோம். வீட்டுக்குப் போனால் அங்கேயே படுத்துத் தூங்குவோம், மறுநாளும் அங்கேயேதான் இருப்போம். அதனால் நமக்கு 18 என்பதை 24 ஆக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்க டைவர்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பல, விமானம் ஏற எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டும். அந்த எண் பூஜ்யத்துக்கு வராமல் மலையும் ஏறக் கூடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளிநாடு போகிறவர்களைவிடப் பக்கத்தில் போய் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வெளிநாட்டில் டைவ் நடத்துகிறவர்கள் விமான நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் கடைசி நாள் அட்டவணையே போடுவார்கள். கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வர் போய் நேத்ராணித் தீவில் காலையில் இரண்டு டைவ் போட்டுவிட்டு, மதியம் மீன் குழம்புச் சாப்பாடு முடித்து, காரை எடுப்பவரிடம் யார் கேட்கப் போகிறார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டாமல் மைசூருக்கு வழி கிடையாது. மைசூரே 610 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. அங்கிருந்து முதுமலை வழியாகக் கூடலூர் வந்தால் 1,000 மீட்டர். விமான வாசனையே இல்லாத பயணம். உடம்பைப் பொறுத்தவரை விமானம் ஏறியதற்குச் சமம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் மெதுவாக ஏறினால் பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் எடுக்கும் அந்த ரயில், பஸ்ஸைவிடச் சில மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. அவ்வளவுதான். நடுவழியில் மூட்டு வலித்தால் ரயிலைத் திருப்பச் சொல்ல முடியாது.

மலைக்காரர்களுக்கு ஒரு சின்னச் சலுகையும் உண்டு. காது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் காது இரண்டு மூன்று முறை அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறக்கும். அந்த முழு இறக்கத்திலும் கூடும் அழுத்தம், கடலில் முதல் இரண்டு மீட்டர் இறங்கும்போது கூடும் அழுத்தத்துக்குச் சமம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றரை மணி நேரத்தில் நடப்பது தண்ணீரில் சில நொடிகளில் நடந்துவிடும். அதனால்தான் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்வதைத் தண்ணீரில் தலை மறைந்த உடனே தொடங்கச் சொல்கிறார்கள். சளி பிடித்த நாளில் பஸ்ஸில் காது எப்படி வலித்தது என்று நினைத்துக்கொண்டால், சளியோடு டைவ் போடக் கூடாது என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கே போவது என்ற கேள்வி. போர்க்காலக் கப்பல்கள் என்றதும் இணையத்தில் முதலில் வந்து நிற்பது பசிபிக் கடலின் ட்ரக் லகூன். 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானியர்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை அங்கே மூழ்கடித்தன. கனவு காண நல்ல இடம். குவாம் வழியாகப் போனால் அமெரிக்க விசா வேண்டும், போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும் என்பதால் முதல் பயணத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். பிலிப்பைன்ஸின் கொரோன் விரிகுடா இன்னொன்று. 1944 செப்டம்பர் 24 அன்று நடந்த விமானத் தாக்குதலில் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள் ஒரே வளாகம்போல அருகருகே கிடக்கின்றன. நல்ல இடம்தான். ஆனால் நமக்குக் கிட்டத்திலேயே, தமிழிலேயே பேரம் பேசக்கூடிய இடத்தில், இதே போரின் கப்பல்கள் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் முந்தைய நாளே கிடைத்ததால், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடு இரவாகத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போனவற்றில் ஒன்று எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1924-ல் பணிக்கு வந்தது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. விமானந்தாங்கிக் கப்பலுக்கு அதைவிடப் பரிதாபமான நிலை இருக்க முடியாது. காலையில் மட்டக்களப்புக்கு அருகே திரும்பி வரும்போது ஜப்பானிய உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. பத்தரை மணி சுமாருக்குக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. பதினொரு மணிக்குள் கப்பல் கடலடியில் கிடந்தது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வேம்பயரும் மூழ்கியது. அந்த வழியாக வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜென்ட், ஆதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அந்தக் கடலோரத்திலேயே மூழ்கின.

இதில் எந்தக் கப்பலுக்குப் போவது என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது, காற்றுக் கணக்கு முடிவு செய்ய வேண்டும். ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டர் ஆழத்தில். வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிதானமாக நீந்தும் ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 53 மீட்டரில் அழுத்தம் 6.3 மடங்கு. நிமிடத்துக்கு 126 லிட்டர் போகும். முழு சிலிண்டரும் 19 நிமிடத்தில் காலி. மேலே வரும் வழிக்கு மிச்சமே இல்லை. இதோடு, 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜனே போதை ஏற்றத் தொடங்கும். ஐம்பதைத் தாண்டினால் சிலர் தன் சிலிண்டர் மீட்டரைப் பார்த்தும் எண் மண்டையில் ஏறாத நிலைக்குப் போவார்கள். பொழுதுபோக்கு டைவின் எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸுக்குப் போக டெக்னிக்கல் டைவ் பயிற்சி, ஹீலியம் கலந்த வாயு, கூடுதல் சிலிண்டர்கள், மேலே வரும் வழியில் நீண்ட நிறுத்தங்கள் எல்லாம் வேண்டும். காற்றுச் சிலிண்டரோடு கூட்டிப்போய்க் காட்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பிரிட்டிஷ் சார்ஜென்ட் வேறு கதை. மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் பாசிக்குடாவிலிருந்து படகில் போகும் தூரத்தில், சுமார் 24 மீட்டர் ஆழத்தில், உடைந்து கவிழ்ந்து கிடக்கிறது. அங்கே அழுத்தம் 3.4 மடங்கு; நிமிடத்துக்கு 68 லிட்டர். 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால்கூட 25 நிமிடத்துக்கு மேல் சுற்றிப் பார்க்கலாம். ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர் என்பதால், அடுத்த படியான அட்வான்ஸ்டு வரை படித்தவர்களுக்கு இது பொருத்தம். கப்பலின் வயிறு மேலே பார்த்திருக்கிறது. உடைந்த இரும்புத் தகடுகளுக்கிடையே களவா மீன்கள் ஒதுங்கி நிற்கும். உள்ளே போக ஆசை வரும். தனிப் பயிற்சி இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம். எண்பது வருடத் துருவை ஒரு துடுப்பு உதை கிளப்பிவிட்டால் வந்த வழி தெரியாது.

பருவமும் நமக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கடலில் டைவுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூரையும் அவலாஞ்சியையும் புரட்டி எடுக்கும் ஜூலையில், மட்டக்களப்புப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; இலங்கையின் நடுமலை காற்றையும் மழையையும் தடுத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தக் கடல் கலங்கிவிடும். அதே அக்டோபர், நவம்பரில்தான் குன்னூர் பாதையிலும் மண்சரிவு வந்து போக்குவரத்து நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதுதான் உத்தமம். உதகையில் சீசன் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும்.

இங்கே நீலகிரிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களின் மறுவாழ்வுக்காக உருவானவை. அந்தக் குடும்பங்களுக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் சொந்தம் இருக்கிறது. மட்டக்களப்பு வரை வருவது தெரிந்தால் போன் வரும்: "இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க லயத்துப் பக்கம் எட்டிப் பாக்காமப் போனா அத்தை மனசு என்ன பாடுபடும்?" மறுக்க முடியாது. டைவ் முடிந்த மறுநாள் காலை வேன் பிடித்து மலையேறுவோம். நுவரெலியா 1,868 மீட்டர்; குன்னூரைவிடச் சற்று உயரம். விமான விதி மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் இங்கே தடுக்கி விழுவார்கள்.

தீர்வு எளிது, வரிசையை மாற்றினால் போதும். முதலில் சொந்தக்காரர்கள், பிறகு கடல். கொழும்பில் இறங்கியதும் மலையகம் போய் அத்தை வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து மட்டக்களப்புக்கு இறங்குங்கள். உயரத்திலிருந்து வந்து கடல்மட்டத்தில் டைவ் போடுவதில் சிக்கல் இல்லை. டைவ் முடிந்து கொழும்பு திரும்பும்போது பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வாருங்கள், முழுக்கத் தாழ்நிலம். ரயிலும் தாழ்நிலத்தில்தான் வருகிறது. பதுளை, பண்டாரவளை வழியாக அழகாக இருக்கும் என்று ஓட்டுநர் சொன்னால், அழகாகத்தான் இருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாலியிலும் இதே பொறி இருக்கிறது. துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், புதிதாகப் பழகியவர்களுக்கு உலகிலேயே சுலபமான போர்க்காலக் கப்பல்களில் ஒன்று. 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. இழுத்து வந்து கரையில் ஏற்றினார்கள். இருபது வருடம் மணலில் கிடந்தது. 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்து நடந்தே தண்ணீரில் இறங்கலாம், ஐந்து மீட்டரிலேயே கப்பல் தொடங்கிவிடும். ஆனால் மதியம் டைவ் முடித்தவர்களைப் பொழுது போவதற்குள் எரிமலை பார்க்கக் கிந்தாமணிக்கு ஏற்றிச் செல்வது அங்கே சுற்றுலா வழக்கம். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். மலை பார்த்தே வளர்ந்த நமக்கு அதில் என்ன அவசரம்?

மலையே இல்லாத இடம் வேண்டுமென்றால் மாலத்தீவு. தென்கோடியில் அட்டு அட்டோலில் கிடக்கும் பிரிட்டிஷ் லாயல்டி என்ற எண்ணெய்க் கப்பலின் ஜாதகம் விசித்திரமானது. 1942 மே மாதம் மடகாஸ்கரின் டியாகோ சுவாரஸ் துறைமுகத்தில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. மிதக்க வைத்து அட்டுவுக்குக் கொண்டுவந்து எண்ணெய்த் தொட்டியாக நிறுத்தியிருந்தார்கள். 1944 மார்ச் 9 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-183, நுழைவாயில் வலைகளுக்கிடையே இருந்த இடைவெளி வழியாக டார்பிடோ அனுப்பி மறுபடி அடித்தது. கடைசியில் 1946-ல் பிரிட்டிஷ்காரர்களே மூழ்கடித்துவிட்டார்கள். மேல்பகுதி 16 மீட்டரிலும் அடி 33 மீட்டரிலும் இருக்கின்றன. இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் கிடைக்கும்.

எங்கே போனாலும் கப்பலிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு ஆண்டு தண்ணீரில் கிடந்தவற்றைத்தான் மரபுச் சின்னம் என்கிறது. 1942 கப்பல்கள் அந்தக் கணக்கில் வர 2042 ஆக வேண்டும். இந்த இடைவெளியில் இரும்புக்காக வெட்டுகிறவர்கள் புகுந்துவிட்டார்கள். ஜாவா கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் இரண்டு அடியோடு காணாமல் போயிருந்தது 2016-ல் தெரியவந்தது. அவை உள்ளே ஆட்கள் இறந்த கப்பல்கள், கல்லறைகள். இன்னொரு காரணம் வெடிமருந்து. அரவங்காடு தொழிற்சாலையில் 1904 முதல் கார்டைட் செய்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால், பழைய வெடிமருந்தைத் தொடலாமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் கிடந்ததால் செத்துப்போயிருக்கும் என்று நம்பி ஒரு தோட்டாவைக்கூடப் பையில் போடக் கூடாது. போட்டாலும் விமான நிலையத்தில் அதற்குத் தனிக் கச்சேரி நடக்கும்.

இப்போது கடைசி நாள் கணக்கு. பாசிக்குடாவில் வியாழன் மதியம் 12 மணிக்குக் கடைசி டைவ் முடிகிறது என்று வையுங்கள். அன்றிரவு அங்கேயே தங்கி, வெள்ளி பகலில் தாழ்நில வழியாகக் கொழும்பு வந்து, இரவு விமானம் ஏறலாம். 30 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சனிக்கிழமை நீங்கள் மேட்டுப்பாளையம் வரும்போது 40 மணி நேரத்தையும் தாண்டிவிடும், மலையேறத் தடையில்லை. நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலில் திரும்புகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை அது. விமானமே இல்லாததால் யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஒரு நாளில் நாகை, அன்றிரவே பஸ், விடிந்தால் மலை என்று வரும். ஹெர்மிஸ் போன்ற ஆழமான டைவ் போட்டவர்கள் 48 மணி நேரம் கீழேயே இருங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு ரூம் எடுப்பதைப் பார்த்து, மேலே வீட்டை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று சொந்தங்கள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வீடு வந்து சேர்ந்த அன்று தோள்பட்டையிலோ முழங்காலிலோ புதிதாக வலி, கை கால் மரமரப்பு, தலைச்சுற்றல், தோலில் சிவந்த திட்டுகள் ஏதாவது தெரிந்தால், பஸ் அலுப்பு என்றோ குளிர் என்றோ நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். பக்கத்து மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி, அதோடு கீழே இறங்குங்கள். அழுத்தம் கூடும் திசை அதுதான். டைவ் காப்பீடு எடுத்திருந்தால் அதன் அவசர எண்ணுக்கு அழைத்து, அழுத்த அறைச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நம் ஊர் மருத்துவருக்கு டைவ் நோயாளி வருவது அபூர்வம், அதனால் அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி டைவின் ஆழம், தண்ணீரை விட்டு வெளியே வந்த நேரம், மலையேறிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள்.